நூறு சிசி வண்டியில் கூடுதல் இழுவை எங்கிருந்து வரும்?

என் அக்கா மகன் சென்ற மாதம் ஒரு கேள்வியோடு வந்தான். கல்லூரிக்குப் போய்வர அவனுக்குக் கிடைத்திருப்பது, அவன் அப்பா எட்டு ஆண்டுகள் ஓட்டிய நூறு சிசி மோட்டார் சைக்கிள். பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் மேம்பாலம் ஏறும்போது மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. "பிக்கப்பே இல்லை, மாமா. மூவாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினால் பவர் கூடும் என்கிறார்கள். மாற்றட்டுமா?" என்று கேட்டான்.

இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடக் கூடாது. எஞ்சினுக்குத் திறன் எங்கிருந்து வருகிறது என்பது ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால், எந்தச் செலவு பயன் தரும், எது சத்தத்தை மட்டும் தரும் என்று அவனே பிரித்துப் பார்த்துக்கொள்வான். அதனால் அன்று மாலை முழுக்க நாங்கள் பேசியதையும், மறுநாள் காலையில் செய்ததையும் இங்கே எழுதுகிறேன்.

எல்லை பெட்ரோல் அல்ல, காற்று

எஞ்சினுக்குள் அதிகப் பெட்ரோலை அனுப்பினால் அதிகத் திறன் வரும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பெட்ரோலை அனுப்புவது எளிது. காற்றோடு பெட்ரோலைக் கலந்துவிடும் கார்புரேட்டரில், பெட்ரோல் வரும் ஜெட்டின் துளையைச் சற்றுப் பெரிதாக்கினால் போதும். ஆனால் அந்தப் பெட்ரோல் எரியக் காற்று வேண்டும். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிவதற்குச் சுமார் 14.7 கிராம் காற்று தேவை. காற்றை எஞ்சினுக்குள் கொண்டுவருவதுதான் கடினம்.

ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் வண்டியின் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அதன் சிலிண்டரின் குறுக்களவு 50 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம் 49.5 மில்லிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 97.2 கன சென்டிமீட்டர் வரும். பிஸ்டன் ஒருமுறை கீழே இறங்கும்போது இழுத்துக்கொள்ளக்கூடிய காற்று ஏறத்தாழ அவ்வளவுதான். அந்தக் காற்றின் எடை ஒரு கிராமில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அதோடு சேர்ந்து எரியக்கூடிய பெட்ரோல் 0.008 கிராம், அதாவது ஒரு சிறு துளியின் துணுக்கு. இப்படி ஒவ்வொரு இரண்டு சுழற்சிக்கும் ஒருமுறை நடக்கிறது. நிமிடத்துக்கு 8000 சுழற்சியில் ஓடும்போது நொடிக்குச் சுமார் 67 முறை. நம்மையும் வண்டியையும் இழுத்துச் செல்வது இந்தச் சின்னஞ்சிறு எரிதல்களின் கூட்டுத்தொகை.

காற்று எவ்வளவு முக்கியம் என்பதை ஊட்டிக்கு வண்டியில் போனவர்கள் உடம்பாலேயே உணர்ந்திருப்பார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை, அதே 97.2 சிசிக்குள் வரும் காற்றின் எடை குறைந்துவிட்டது, அதற்கேற்பத் திறனும் குறைந்துவிட்டது. சித்திரை மாதப் பகல் வெயிலில் வண்டி சற்று மந்தமாகத் தோன்றுவதற்கும் இதுவே காரணம். சூடான காற்று இலேசானது.

இன்னும் ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். முறுக்குவிசை என்பது ஒவ்வொரு சுழற்சியிலும் எஞ்சின் எவ்வளவு பலமாகத் திருப்புகிறது என்பது. திறன் என்பது அந்தத் திருப்பலை எவ்வளவு வேகமாகச் செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வது. சைக்கிள் மிதிக்கும்போது பெடலை அழுத்தும் அழுத்தம் முறுக்குவிசை. அதே அழுத்தத்தோடு நிமிடத்துக்கு எத்தனை சுற்று மிதிக்கிறோம் என்று பெருக்கினால் திறன். ஸ்பிளெண்டரின் பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகைமாசு விதிக்கு உட்பட்ட) எஞ்சினுக்கு அதிகபட்ச முறுக்குவிசை 6000 சுழற்சியில் 8.05 நியூட்டன் மீட்டர். அதிகபட்சத் திறன் 8000 சுழற்சியில் 8.02 பிஎஸ், அதாவது குதிரைத் திறன். ஆறாயிரத்தைத் தாண்டியதும் முறுக்குவிசை ஏன் சரிகிறது? காற்றை உள்ளே விடும் வால்வு திறந்திருக்கும் நேரம் குறைந்துகொண்டே போவதால் சிலிண்டர் முழுதாக நிரம்புவதில்லை. மூச்சை இழுத்து முடிப்பதற்குள் கதவு மூடிவிடுகிறது.

ஆக, எஞ்சினின் திறனை உண்மையாகவே கூட்ட வேண்டுமென்றால் சிலிண்டரைப் பெரிதாக்க வேண்டும். அல்லது அதை மேலும் நன்றாக நிரப்ப வேண்டும். அல்லது உள்ளே வந்த கலவையை மேலும் இறுக்கமாக அமுக்க வேண்டும். அல்லது இன்னும் வேகமாகச் சுழற்ற வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் எஞ்சினைப் பிரித்தாக வேண்டும். வீட்டு வாசலில் ஒரு ஸ்பேனர் பையோடு செய்யும் வேலைகள் அல்ல இவை; மலிவும் அல்ல. சிலிண்டரைக் கடைந்து ஒரு மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டாலும் கொள்ளளவு நான்கு சதவீதம்தான் கூடுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்டதும் அவன் முகம் வாடிவிட்டது. உண்மையில் நல்ல செய்தி இதற்குப் பிறகுதான் இருந்தது.

வழியில் தொலைந்துபோகும் திறன்

எஞ்சின் உண்டாக்கும் திறன் முழுதும் சாலையை அடைவதில்லை. கிளட்ச், கியர், செயின், வீல் பேரிங், பிரேக், டயர் என்று ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் தேய்ந்துபோகிறது. புதிய வண்டியில் இந்த இழப்பு குறைவு. எட்டு ஆண்டுகள் கவனிப்பில்லாமல் ஓடிய வண்டியில் இதுதான் பெரிய திருடன். எட்டு குதிரைத் திறனே உள்ள வண்டியில் ஒன்று பறிபோனாலும் எட்டில் ஒரு பங்கு போய்விடுகிறதல்லவா?

எவ்வளவு போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு செலவில்லாத சோதனை இருக்கிறது. விடியற்காலையில் ஆளரவமற்ற சமதளச் சாலைக்குப் போங்கள். ஒரே கியரில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்ததும், ஓர் அடையாளக் கல்லின் அருகே ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, கிளட்சை முழுதாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வேகம் 10 கிலோமீட்டராகக் குறையும் வரை வண்டி எவ்வளவு தூரம் தானாக உருள்கிறது என்று காலடியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காற்றும் சரிவும் ஏமாற்றாமல் இருக்க எதிர்த்திசையிலும் ஒருமுறை செய்து சராசரி எடுங்கள். பழுதுபார்த்த பிறகு இதையே மீண்டும் செய்தால் எவ்வளவு மீட்டோம் என்பது தெரிந்துவிடும்.

நாங்கள் முதலில் பார்த்தது பின் பிரேக். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினால் அது ஓரிரு சுற்றாவது தாராளமாகச் சுழல வேண்டும். அவன் வண்டியில் அரைச் சுற்றிலேயே நின்றது. பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று யாரோ கம்பியின் நட்டை அளவுக்கு மேல் முடுக்கிவிட்டிருந்தார்கள். பிரேக் கட்டை எந்நேரமும் டிரம்மை உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. பெடலுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தளர்வு இருக்கும்படி நட்டைத் தளர்த்தினோம். பிறகு பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா என்று மெதுவான வேகத்தில் இரண்டு முறை சோதித்தோம்; அதைச் சோதிக்காமல் சாலைக்குப் போகவே கூடாது.

அடுத்தது செயின். கவரின் மூடியைத் திறந்து பார்த்தபோது, உள்ளே செயின் செம்மண் நிறத்தில் துருவேறிக் கிடந்தது. மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு அழுக்கை நீக்கி, துணியால் நன்றாகத் துடைத்துக் காயவைத்து, 90 கிரேடு கியர் ஆயிலைக் கண்ணி கண்ணியாக விட்டோம். செயின் எவ்வளவு தொங்கலாம் என்பதை வண்டியோடு வரும் கையேடு சொல்லும். இறுகிக் கிடந்தாலும் தொங்கினாலும் இழப்புதான். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: எஞ்சினை ஓடவிட்டுச் சக்கரம் சுழலும்போது செயினைத் துடைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. துணி சிக்கினால் அதோடு விரலும் போய்விடும். எஞ்சினை அணைத்துவிட்டுக் கையால் சக்கரத்தைச் சுழற்றியே செய்யுங்கள்.

டயரில் காற்று குறைந்திருந்தது. இதை விளக்கத் தேவையில்லை.

பிறகு கிளட்ச். லீவரின் முனையில் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். தளர்வே இல்லாவிட்டால் கிளட்ச் பாதி பிடித்தபடியே இருக்கும். ஏற்றத்தில் எஞ்சின் கதறும், வண்டி நகராது. காருக்குப் போடும் எஞ்சின் ஆயிலை பைக்கில் ஊற்றினாலும் இதே நிலைமை வரலாம், ஏனென்றால் காரின் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்ந்திருக்கக் கூடும். பைக்கின் கிளட்சோ அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது. டப்பாவில், இப்படி ஆயிலில் மூழ்கிய கிளட்சுக்கு ஏற்றது என்பதற்கான தரக்குறியாகிய ஜாசோ எம்ஏ என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இவ்வளவும் செய்து முடித்தபோது உருளும் தூரம் முன்னிருந்ததைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிட்டது. எஞ்சினை இன்னும் தொடவே இல்லை.

எஞ்சினின் மூச்சு

இனி எஞ்சினுக்கு வருவோம். காற்றுதான் எல்லை என்றேன். அப்படியானால் அது நுழையும் வழி திறந்திருக்கிறதா என்பதே முதல் கேள்வி. அவன் வண்டியின் ஏர் ஃபில்டர் வயல் மண்ணைப் போல் படிந்து கிடந்தது. பல வண்டிகளில் இருப்பது எண்ணெய்ப் பசையுள்ள காகித ஃபில்டர். அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்து திரும்பப் போடக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். விலை இருநூறு ரூபாயைச் சுற்றித்தான் இருக்கும். ஃபில்டரே இல்லாமல் ஓட்டினால் காற்று தாராளமாக வரும் என்று சிலர் கழற்றிவிடுகிறார்கள். காற்றோடு மணல் துகளும் வரும். பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அது உப்புத்தாள் போலத் தேய்க்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அமுக்கமே போய்விட்ட எஞ்சினை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, யாரும் பார்க்காத ஒன்று: ஆக்சிலேட்டர் கேபிள். கேபிள் நீண்டு தளர்ந்துவிட்டால், கைப்பிடியை முழுவதும் திருகினாலும் கார்புரேட்டரின் உள்ளே இருக்கும் கதவு முழுவதும் திறக்காது. கைப்பிடியில் சில மில்லிமீட்டர் தளர்வு மட்டும் இருக்கும்படி கேபிளின் முனையில் உள்ள நட்டைச் சரிசெய்வது ஐந்து நிமிட வேலை. சரிசெய்த பிறகு ஹேண்டிலை இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் வேகம் தானாக ஏறக் கூடாது, விட்டதும் கைப்பிடி தானாக மூடிக்கொள்ள வேண்டும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அது எஞ்சினின் நாக்கு போல. மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வது எதற்கோ அதற்குத்தான் இதுவும். முனை இளம் காப்பி நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது காற்று அடைபட்டிருக்கிறது. வெளுத்துச் சுண்ணாம்பு போல் இருந்தால் பெட்ரோல் குறைவு. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. அவனுடையது கறுத்திருந்தது, ஃபில்டரின் நிலைமைக்கு அது பொருத்தமாகவே இருந்தது. விலை உயர்ந்த இரிடியம் பிளக் போட்டால் பவர் கூடும் என்று விற்பார்கள். அது நீண்ட நாள் உழைக்கும், உண்மை. ஆனால் நல்ல நிலையில் உள்ள சாதாரண பிளக் பற்றவைக்கும் அதே கலவையைத்தான் அதுவும் பற்றவைக்கிறது.

டேப்பெட் வேலையை, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்வதை, மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தோம். வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாமல் அமுக்கம் கசிகிறது. அதிகமானால் டக்டக்கென்ற சத்தத்தோடு வால்வு தாமதமாகத் திறந்து, சீக்கிரம் மூடிவிடுகிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும். அவசரத்தில் சூட்டோடு செய்துகொடுப்பவரிடம் விடாதீர்கள்.

பல்சக்கரக் கணக்கு

எஞ்சினைத் தொடாமல் சக்கரத்தில் கிடைக்கும் இழுவையைக் கூட்ட ஒரு நேர்மையான வழி உண்டு. செயின் ஓடும் பல்சக்கரங்களை மாற்றுவது அது. முன்னால் 14 பல், பின்னால் 42 பல் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 3. முன்பக்கம் 13 பல் போட்டால் விகிதம் 3.23. சக்கரத்தில் வரும் இழுவை எல்லாக் கியரிலும் ஏறக்குறைய 7.7 சதவீதம் கூடும். பதிலுக்கு, முன்பு 80 கிலோமீட்டர் வேகம் தந்த அதே எஞ்சின் சுழற்சி இப்போது 74 தான் தரும். நீண்ட சாலையில் எஞ்சின் அதிகம் சுழலும், மைலேஜ் சற்றுக் குறையும்.

இது திறனைக் கூட்டுவதல்ல, இருப்பதை வேறு விதமாகப் பங்கிடுவது. கிணற்றில் சிறிய வாளி கட்டி இறைப்பதைப் போல: ஒவ்வொரு இழுப்பும் இலகு, இழுக்க வேண்டிய முறை அதிகம். மலைப்பாதையிலும் பாரம் ஏற்றும் வண்டியிலும் இந்தப் பண்டமாற்று மிகவும் பயனுள்ளது. நெடுஞ்சாலையில் தினமும் ஐம்பது கிலோமீட்டர் போகிறவருக்கு வேண்டாம். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டி என்றால் சர்வீஸ் மையத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

சைலன்சர் மாயை

சைலன்சரைக் கழற்றினால் வண்டி பறக்கும் என்ற நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு என்று நினைக்கிறேன். யமஹா ஆர்எக்ஸ் 100 ஓடிய காலத்தில், 98 சிசி எஞ்சினிலிருந்து 11 குதிரைத் திறன் வந்தது. அது டூ ஸ்ட்ரோக் வண்டி. ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒருமுறை எரியும். டூ ஸ்ட்ரோக்கில் புகைக்குழாயின் வயிறு போன்ற வடிவம் எஞ்சினின் ஓர் உறுப்பு. அங்கிருந்து திரும்பி வரும் அழுத்த அலைதான், வெளியே ஓடப் பார்க்கும் புதிய கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளித் திணிக்கிறது. அதன் வடிவத்தை மாற்றினால் வண்டியின் குணமே மாறும். அந்த அனுபவத்தை அப்படியே ஃபோர் ஸ்ட்ரோக் நூறு சிசி வண்டிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இதில் வால்வு இருக்கிறது. நாம் அன்றாடம் ஓட்டும் சுழற்சியில் நிறுவனச் சைலன்சர் பெரிய தடையாகவும் இல்லை.

தடை குறைந்து காற்றோட்டம் மாறும்போது, பெட்ரோலின் அளவு பழையபடியே இருந்தால் கலவை மெலிந்துபோகும். மெலிந்த கலவை அதிகம் சூடேற்றும். என் இருபதாவது வயதில் நானே இதைச் செய்தேன். முதல் வாரம் வண்டி புலி போல் தோன்றியது. ஆறே மாதத்தில் வெளியேற்று வால்வின் விளிம்பு கருகி, சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்ற வேண்டி வந்தது. சத்தம் கூடும்போது வேகம் கூடியதாக மூளை நம்பிவிடுகிறது. அதனால்தான் காதை நம்பாதே, ஸ்டாப்வாட்சை நம்பு என்று அக்கா மகனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னேன். நள்ளிரவில் ஒரு தெரு முழுவதையும் எழுப்பிவிட்டுப் போகும் வண்டி, அந்தத் தெருவில் காய்ச்சலோடு கண்ணயர்ந்த குழந்தையையும் எழுப்பிவிடுகிறது. சட்டமும் இதில் கடுமையாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி ஒலி, புகை வரம்பை மீறும் வண்டியை ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ வரலாம். 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் தந்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் அப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் உண்டு. எடையைக் குறைக்கிறேன் என்று பின்சக்கரத்தின் சேலைப் பாதுகாப்புக் கம்பியைக் கழற்றுவதும் விதிமீறல்தான், உயிருக்கும் ஆபத்து.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் அதை இயக்கும் கணினியும் இருக்கின்றன. அவற்றுக்காக இணையத்தில் சிறு பெட்டிகளை விற்கிறார்கள். அவற்றில் பல, காற்று குளிர்ந்திருப்பதாகக் கணினியை நம்பவைத்துக் கூடுதல் பெட்ரோலை விடச் சொல்பவை மட்டுமே. காற்று கூடவில்லை, பெட்ரோல் மட்டும் கூடுகிறது என்றால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்: பிளக் கறுக்கும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் கெடும். அதுபோலவே, ஆக்டேன் எண் கூடிய விலை உயர்ந்த பெட்ரோலும் இந்த எஞ்சின்களுக்கு வலுவூட்டுவதில்லை. ஆக்டேன் என்பது முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் தன்மை. 91 ஆக்டேனுக்கு வடிவமைத்த எஞ்சின் 95 ஊற்றினால் அதைக் கண்டுகொள்வதில்லை.

அப்படியே மிகுந்த செலவு செய்து பத்து சதவீதம் திறனைக் கூட்டிவிட்டாலும் உச்ச வேகம் எவ்வளவு ஏறும்? காற்றின் எதிர்ப்பைத் தாண்டத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. 60-லிருந்து 75 கிலோமீட்டருக்குப் போகவே அது ஏறத்தாழ இரு மடங்காகிறது. இந்தக் கணக்கின்படி பத்து சதவீதத் திறன், 80-ஐ 83-க்குக் கிட்டத்தான் கொண்டுபோகும். வேடிக்கை என்னவென்றால், தலையைச் சற்றுக் குனிந்து ஓட்டினாலே அதே அளவு கிடைத்துவிடும்.

வேலையெல்லாம் முடிந்த பிறகு மூன்றாம் கியரில் 30-லிருந்து 50 வரை ஏற எத்தனை நொடி ஆகிறது என்று இரு திசையிலும் அளந்து, வேலை தொடங்கும் முன் இதேபோல் அளந்து வைத்திருந்த குறிப்போடு ஒப்பிட்டோம். ஒரு நொடிக்கு மேல் குறைந்திருந்தது. என்னைப் பின்னால் உட்காரவைத்து, அவன் மேம்பாலத்தை நான்காம் கியரிலேயே ஏறினான். ஃபில்டர், பிளக், ஆயில், டேப்பெட் கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்துவிட்டது. மீதமிருந்த பணத்தில் பின் டயரை மாற்றச் சொன்னேன். பூ வேலைப்பாடு எல்லாம் தேய்ந்து, அது வழுவழுவென்று இருந்தது.